மேளம் ஒலிக்காத முகூர்த்தத்தின் முதன்மை விருந்தினருக்கு

வீதியில் பதாகை பிடித்த கையாலேயே பின்னாளில் விதிகளையும் விடாது பிடித்து நின்றவரே! நலிந்தோர் பக்கம் நின்று நகரசபை நிமிர்ந்து கேட்கப் பேசியவரே! ஜேர்மானிய நண்பர்களின் வாயில் 'பிராவ் ஷெரிஃப்', அதாவது 'ஷெரிஃப் அம்மா' என்றும் எங்கள் வாயில் 'கமலா அக்கா' என்றும் வழங்கும், எங்கள் நகரின் பொது ஒழுங்குத் துறைத் தலைவர் திருமதி கமலாம்பிகை தம்பித்துரை அவர்களே! பணி ஓய்வு பெறும் இந்நாளில் உங்கள் முன் நின்று இம்மடலை வாசித்தளிக்கிறோம்.

மேயர் சற்று முன் ஜேர்மன் மொழியில் உங்கள் பணிகளை அழகாக எடுத்துரைத்தார். அவற்றை மறுபடி சொல்லப் போவதில்லை. இந்தத் துறையில் தமிழ் பேசுவோர் யூட், சாரங்கா, சஞ்சயன் என்று மூவரே. மற்ற நண்பர்கள் மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு தலையாட்டுகிறார்கள். பாராட்டு மடலில் 'அதிர்ச்சி' என்ற சொல் இடம்பெறுவது வழக்கமில்லை. ஆயினும் உங்களோடு பணியாற்றிய காலத்தை எண்ணும்போது எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

அகதியாக வந்திறங்கி, மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் விரிப்புகளை மடித்து, வேலை முடிந்த கையோடு வாடகைக்காரர் சங்கத்துக்குப் போய் மற்றவர்களுக்காக வாதாடி, வீடு வீடாக அழைப்புமணி அடித்து வாக்குக் கேட்டு, நகரசபைக்குள் நுழைந்தவர் நீங்கள். புலம்பெயர்ந்தோரின் சிறு கடைகளை எங்கள் துறை பூட்டியபோதெல்லாம் எங்கள் வாசலிலேயே பதாகையோடு நின்றீர்கள். 'கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கோ அக்கா' என்று யூட் உங்களைக் கெஞ்சிய நாட்களும் உண்டு. அப்படிப்பட்ட உங்களை நகரசபை எங்களுக்கே தலைவராகத் தேர்ந்தெடுத்த அன்று, காப்பி இயந்திரத்தைச் சுற்றி வேறு பேச்சே இல்லை. அபராதங்களையெல்லாம் கிழித்துப் போடுவார் என்று சிலர் பயந்தார்கள், சிலர் ஆசைப்பட்டார்கள். நீங்கள் ஒன்றையும் கிழிக்கவில்லை. சிறு கடைகளுக்குப் போன அதே பரிசோதகர்களைப் பழைய நகரத்தின் பெரிய உணவகங்களுக்கும் ஹோட்டல்களுக்கும் அனுப்பினீர்கள். அவர்கள் அங்கேயும் அபராதம் எழுதிய வாரம் நகரமே வாயைப் பிளந்தது.

அது ஊருக்கு வந்த அதிர்ச்சி. எங்களில் ஒருவருக்கு வந்ததை இனிச் சொல்கிறோம்.

சஞ்சயனுக்கும் தேனுஜாவுக்கும் கலியாணம், ஆனி மாதத்து ஞாயிறு ஒன்றில். மண்டபம், நகரின் பழைய நெசவாலை. நகரசபையில் இருந்தபோது நீங்கள் ஆண்டுக்கணக்கில் வாதாடி, புலம்பெயர்ந்தோர் சங்கங்களுக்குப் பெற்றுத் தந்த மண்டபம் அது. முதன்மை விருந்தினரும் நீங்களே. சஞ்சயன் பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக மணவறையில் அமர்ந்திருந்தார். எதிரே நிறைந்த சபை. ஐயர் வளர்த்த ஓமத்தின் புகை கூரையின் இரும்புச் சட்டங்களை நோக்கி மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. வேறு யாருடைய கனவுக்குள்ளோ தவறி வந்து அமர்ந்துவிட்டதுபோல அவருக்கு இருந்தது.

அப்போது முன்வரிசையிலிருந்து நீங்கள் எழுந்து வந்தீர்கள். ஆசீர்வதிக்க வருகிறீர்கள் என்று நினைத்து அவர் கைகூப்பினார். உங்கள் பார்வை அவர்மேல் இல்லை. அவர் தலைக்கு மேலே, றெஜிபோம் நுரைப்பலகையில் செதுக்கிப் பொன்வண்ணம் பூசிய இரண்டு யானைகளுக்கும் மேலே, அவசர வழியைக் காட்டும் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதில் ஓடுகிற மனிதனின் தலை மட்டுமே தெரிந்தது. உடலை யானைகள் மறைத்திருந்தன.

"சஞ்சயன், இதுக்குப் பின்னாலை கதவெல்லோ இருக்கு" என்றீர்கள்.

"ஓம் அக்கா... கிழக்கை பாத்து இருக்கவேணுமெண்டு..."

மணமக்கள் கிழக்கு நோக்கி அமர, மணவறையை மேற்குச் சுவரோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அந்த மண்டபத்தின் அவசரக் கதவுகள் இரண்டும் மேற்குச் சுவரில்தான் இருந்தன. இதுவரை நடந்த எல்லாக் கலியாணத்துக்கும் அப்படியே கட்டியதாக மணவறைக்காரர் பெருமையோடு சொன்னார். கழற்றப் பின்னேரமாகும் என்றும் சொன்னார். முகூர்த்தமோ ஒரு மணித்தியாலத்துக்குள் முடிகிறது.

"அப்ப எல்லாரும் வெளியிலை போங்கோ."

பகிடி என்று நினைத்துச் சஞ்சயன் சிரித்தார். அவர் ஒருவர்தான் சிரித்தார்.

பெண்ணின் தகப்பனார் இரத்தினம் கையில் தாம்பாளத்தோடு ஓடி வந்தார். "என்னக்கா, விளையாடுறியளே? இந்த ஹோலை எங்களுக்கு எடுத்துத் தந்ததே நீங்கதானே!"

"ஓம் இரத்தினம். ஆக்கள் வந்து கொண்டாடத்தான் எடுத்துத் தந்தனான்."

"இண்டைக்கு ஆர் வந்து நெருப்பு வைக்கப் போகினம்?"

"ஐயர் வைச்சிட்டார். அந்தா எரியுது."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "வோட்டுக் கேட்டு வரேக்கை ஒரு முகம், வெண்டாப்பிறகு பொலிஸ் முகம்!"

"பொலிஸ் இல்லை, ஓர்ட்னுங்ஸம்ட்" என்று எங்கள் துறையின் ஜேர்மன் பெயரைச் சொல்லி, அந்தப் பக்கம் பாராமலே திருத்தினீர்கள்.

சஞ்சயன் எழுந்தார். "அக்கா, இண்டைக்கு மட்டும் கண்ணை மூடுங்கோ. நாளைக்கு நானே வந்து ஹோலைப் பூட்டுறன்."

"போன மாதம் ஷீஷா புகைக்கிற கடையிலை கதவை மறிச்சு சோஃபா போட்டவருக்கு நீர் எவ்வளவு நேரம் குடுத்தனீர்?"

"அது வேலை அக்கா. இது என்ரை கலியாணம்!"

"அவருக்கு அது தன்ரை கடை."

அன்று கடமையில் இருந்த யூட்டை நீங்கள் தொலைபேசியில் அழைத்தீர்கள். சீருடையோடு வந்து சேர்ந்தவர் "நான் சாப்பாட்டுக்கெண்டு நினைச்செல்லோ ஓடி வந்தனான்" என்று முணுமுணுத்தபடி முன்கதவை அகலத் திறந்து பிடித்தார். சபை முழுதும் கேட்கச் சஞ்சயன், "இனி உங்களுக்குக் கீழை நான் வேலை செய்யமாட்டன்!" என்றார்.

"அதைப் பிறகு கதைப்பம். இப்ப வெளியிலை நடவும்."

அந்த நேரத்தில் தேனுஜா எழுந்தார். சேலைக் கரையைக் கையில் அள்ளிப் பிடித்துக்கொண்டு, "சஞ்சு, எனக்குத் தாலி ஒண்டே காணும். இந்த றெஜிபோம் யானை வேண்டாம். ரெண்டு கதிரையைத் தூக்கிக்கொண்டு வாங்கோ" என்று படியிறங்கினார். மணமகளே நடந்த பிறகு சபைக்கு வேறு வழியில்லை.

வெளியே வாகனத் தரிப்பிடத்தில் முதல்நாள் மழை குட்டை குட்டையாகத் தேங்கிக் கிடந்தது. ஐயர் புதிதாக ஓமம் வளர்த்தார். கதிரைகள் இரண்டும் கிழக்கு பார்த்தன. தவில்காரர் சுருதி பார்க்க இரண்டு தட்டுத் தட்டியதும் யூட்டின் கடமைத் தொலைபேசி ஒலித்தது. கேட்டவர் உங்களிடம் ஓடி வந்தார்.

"அக்கா... முறைப்பாடு. ஞாயிற்றுக்கிழமையிலை மேளச் சத்தமாம்."

ஞாயிறு அமைதியைக் குலைக்க இந்த நாட்டில் 'கெனேமிகுங்' என்ற அனுமதி வேண்டும். எங்கள் நகரில் அந்த அனுமதியில் கையொப்பமிடும் கை உங்களுடையது. இரத்தினம் ஏறக்குறைய அழுதார். "கெட்டிமேளம் இல்லாமல் தாலி கட்டுறதே? ரெண்டு நிமிசத்துக்கு ஒரு கெனேமிகுங் எழுதித் தாங்கோ அக்கா. நீங்கதானே பெரியாள்!"

"நான் சாப்பிட வந்த கலியாணத்துக்கு நானே எழுதேலாது, இரத்தினம். ஆனா கேட்டுப் பாக்கலாம்."

நீங்கள் வீதியைக் கடந்து எதிர்வரிசை வீடுகளுக்குப் போனீர்கள். தேர்தல் நாட்களைப்போல, அழைப்புமணி ஒவ்வொன்றாக அடித்தீர்கள். என்ன பேசினீர்கள் என்பது கதிரையில் இருந்த சஞ்சயனுக்குக் கேட்கவில்லை. கதவுகள் திறப்பதும் தலைகள் அசைவதும் மட்டுமே தெரிந்தன. ஒருவர் பல்கனிக்குக் கதிரை கொண்டுவந்து போட்டு வசதியாக அமர்ந்தார். தவில்காரர் விரல்களில் கூடு மாட்டத் தொடங்கினார். சஞ்சயனுக்கு மெல்ல நம்பிக்கை வந்தது. கடைசிக் கதவு மட்டும் திறக்க நெடுநேரம் ஆயிற்று. கலைந்த தலையோடு ஒரு பெண் கதவு நிலையில் சாய்ந்து நின்று ஏதோ சொன்னார். நீங்கள் தலையசைத்துவிட்டுத் திரும்பி வந்தீர்கள்.

"ஆஸ்பத்திரி நேர்ஸ். இரவு வேலை முடிஞ்சு இப்பதான் படுத்தவவாம். ஏலாதாம்."

"மற்ற எல்லாரும் ஓமெண்டிட்டினமே! ஒராள்தானே அக்கா!"

"ஓம், ஒராள்தான்" என்றீர்கள். "மேளம் வேண்டாம்."

நகரசபையில் நீங்கள் பேசிய பேச்செல்லாம் அந்த ஒராளுக்காகத்தான் என்பது அப்போது சஞ்சயனுக்குத் தோன்றவில்லை. அவருக்குக் கோபம்தான் வந்தது.

ஐயர் கை காட்டினார். தவில்காரர் விரல்களை மடியில் மடித்து வைத்துக்கொண்டார். அத்தனை தமிழர் ஒன்றுகூடிய இடத்தில் அப்படியொரு அமைதியை இந்த நாடு அதற்கு முன் கேட்டிருக்காது. மணமக்கள்மேல் வாழ்த்தி எறிந்த அறுகரிசி தார்த்தரையில் விழும் ஓசை கேட்டது. தாலிக்கொடியைப் பூட்டும்போது எழுந்த சிறு ஓசையையும், தேனுஜா மூச்சை உள்ளே இழுத்ததையும் சஞ்சயன் கேட்டார். மேளம் முழங்கியிருந்தால் அவை இரண்டும் அவர் காதில் விழுந்தே இராது. நிமிர்ந்து உங்களைத் தேடினார். சபையில் எங்கும் நீங்கள் இல்லை. தாலி கட்டும்வரை நிற்கக்கூட இல்லையே என்று நெஞ்சு எரிந்தது.

விடுமுறை முடிந்து, வேறு துறைக்கு மாற்றம் கேட்கும் முடிவோடு அவர் அலுவலகம் வந்தார். சாரங்கா கேட்டதற்காகக் கலியாணப் படங்களையும் கொண்டு வந்திருந்தார். தாலி கட்டும் படத்தை மேசையில் வைத்து மூவரும் பார்த்தோம். மணமக்களுக்கும் சனத்துக்கும் பின்னால், வீதி திரும்பும் இடத்தில், பட்டுச்சேலைக் கரை குட்டைத் தண்ணீரில் தோய, ஒரு பெண் இரண்டு கைகளையும் அகல விரித்து நின்றிருந்தார். அவருக்கு முன்னால் பூச்சரம் கட்டிய கார்கள் வரிசையாக நின்றன. பிந்தி வந்த உறவினர், வழக்கம்போல ஹோர்ன் அடித்து ஆரவாரமாக வர இருந்தவர்கள். அந்தக் கடைசி வீட்டுக்கு முன்னால் அவர்களை மறித்து நின்றது நீங்கள்.

சஞ்சயன் படத்தை எடுத்துக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். பிறகு, "அந்த மனுசி தாலிகட்டைப் பாக்கவே இல்லையடா" என்றார் யூட்டிடம். எழுந்து தன் மேசைக்குப் போனார். மாற்றம் கேட்கவில்லை.

அன்புக்குரிய அக்கா! உடல் நலம் குன்றாமல், உள்ளம் சோராமல், இனிக் கடமைத் தொலைபேசி எழுப்பாத காலைகளோடு நீங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும். ஊன்ட்றொப் கோவில் அம்பாளின் தேர்த்திருவிழாவுக்கு இனியாவது வெறும் பக்தையாகப் போய், கடலை கொறித்துக்கொண்டு கூட்டத்தில் நில்லுங்கள்.

எங்களிடம் உள்ள அந்தப் படத்தில் உங்கள் முதுகு மட்டுமே இருக்கிறது. இன்று வீதியை யூட் பார்த்துக்கொள்வார். சஞ்சயனும் தேனுஜாவும் இதோ உங்கள் முன்னால் நிற்கிறார்கள். அவர்களின் தாலிகட்டை நீங்கள் பார்க்கவில்லை. அவர்களையாவது ஒருமுறை ஆறுதலாகப் பாருங்கள். ஒருவரையும் மறிக்காமல், இந்தப் பக்கம் திரும்பி நில்லுங்கள் அக்கா. உங்கள் முகத்தைப் பார்த்து வணங்க வேண்டும்.

என்றும் உங்கள்
பொது ஒழுங்குத் துறைப் பணியாளர்கள்