உரிமையாளர் பெயர்

இந்த நாற்காலி வசதியாத்தான் இருக்கு சார். எங்க ஆபீஸ்ல என் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. பதினோரு வருஷமா அட்டையை மடிச்சு முட்டுக் கொடுத்துத்தான் உட்கார்ந்திருக்கேன். அதனால எவ்வளவு நேரம் வேணும்னாலும் கேளுங்க, நான் அவசரப்படலை.

வண்டிப் பதிவு ஆபீஸ்ல மூணாவது கவுண்டர் என்னோடது. வண்டி நம்பரை எழுதிக் கொடுத்துக் கட்டணம் கட்டினா, அந்த வண்டியோட ஜாதகத்தையே அச்சடிச்சுக் கொடுத்துடுவோம். யார் பேர்ல இருக்கு, எந்த விலாசம், எத்தனை கை மாறிச்சு, எங்கே அடிபட்டுது, எந்தப் பாகத்தை எப்ப மாத்தினாங்க, எல்லாம் அதுல இருக்கும். யார் வேணும்னாலும் கேட்கலாம். ஏன் எதுக்குன்னு நாங்க கேட்கக்கூடாது. பழைய கார் வாங்குறவங்க வருவாங்க. மாப்பிள்ளை சொந்தக் கார்னு அளந்தாரே, நிஜமான்னு பார்க்கப் பொண்ணைப் பெத்தவங்க வருவாங்க. "இதே மாதிரி மாப்பிள்ளைக்கும் ஒரு தாள் கிடைக்குமாம்மா, எங்கெங்கே அடிபட்டிருக்குன்னு தெரிஞ்சுக்கலாம்"னு ஒரு அம்மா கேட்டாங்க. வரிசையில நின்னவங்க அத்தனை பேரும் சிரிச்சாங்க, நானும்தான்.

இதுல ஒரே ஒரு விதிவிலக்கு, மஞ்சள் படிவம். உயிருக்கு ஆபத்து இருக்கறவங்க அதைப் பூர்த்தி பண்ணிக் கொடுத்தா, அவங்க விலாசத்தை மட்டும் வெளியில தெரியாம மறைச்சுடுவோம். மறைச்சாச்சுன்னு அவங்களுக்கு ஒரு கடிதமும் போகும். வருஷத்துக்கு ஏழெட்டு படிவம் வந்தா அதிகம்.

என் பொண்ணுக்குப் பதினேழு வயசு. சாயங்காலம் அஞ்சு மணி, நல்ல வெளிச்சம். சைக்கிள்ல வந்தவளை ஒரு பச்சைக் கார் இடிச்சுட்டு நிக்காமப் போயிடுச்சு. தெருமுனைத் தையல்காரர் கடைசி ரெண்டு எண்ணைத்தான் பார்த்தார், நாலு ஏழு. உங்க ஆளுங்க மூணு மாசம் தேடிட்டு ஃபைலைக் கட்டி வெச்சுட்டாங்க. அதைப் பத்தி எனக்கு வருத்தம் இல்லை. ஆனா அவளுக்கு முக்கால் மணி நேரம் உயிர் இருந்திருக்கு, இடிச்ச கார்லயே உடனே தூக்கிட்டு வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டர் சொன்னார். அதை மட்டும் என்னால முழுங்க முடியலை சார். இன்னிக்கு வரைக்கும் முடியலை.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல நானே தேட ஆரம்பிச்சேன். நாலு ஏழுல முடியற பச்சைக் கார் நூத்திப் பன்னெண்டு. ஒண்ணொண்ணாப் பார்த்தேன். நாலு மாசம் கழிச்சுக் கிடைச்சுது. இடது பக்க விளக்கும் முன்பக்கத் தகடும் மாத்தியிருந்தாங்க, என் பொண்ணு செத்து நாலாம் நாள். உரிமையாளர்ங்கற இடத்துல ஒரு பொம்பளை பேர். தாளை எடுத்துக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன். "விளக்கு மாத்தினது ஒரு குத்தமாம்மா"ன்னு கேட்டு அனுப்பிட்டாங்க.

அந்த விலாசத்துக்கே நேர்ல போனேன். அவ இல்லை, புருஷன்தான் இருந்தார். சட்டை கசங்காத, மரியாதையாப் பேசற ஆளு. அவளுக்கு ஆபீஸ்ல ஒரு கையெழுத்து பாக்கின்னு சொன்னேன். "ஓடிப்போயிட்டா. காரையும் எடுத்துட்டுப் போயிட்டா. எங்கே இருக்கான்னு தெரிஞ்சா எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க"ன்னு போன் நம்பர் எழுதிக் கொடுத்தார். பின்னால உள்ரூம் கதவுல கைமுஷ்டி அளவுக்கு ஒரு பொத்தல் தெரிஞ்சுது. நம்பரைப் பத்திரமா வெச்சுக்கிட்டேன்.

அதுக்கப்புறம் எட்டு மாசம். பல் தேய்க்கும்போது அவ பேரைச் சொல்லித் திட்டுவேன். துணி துவைக்கும்போது, நாசமாப் போகணும், நாதியத்துப் போகணும்னு சொல்லிச் சொல்லி அடிச்சுத் துவைப்பேன். பஸ்ல பக்கத்துல உட்கார்ந்தவங்க எழுந்து போயிருக்காங்க. என் வீட்டுக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துட்டு அவரோட அண்ணன் வீட்டுக்குப் போயிட்டார். போனா போகட்டும்னு விட்டுட்டேன்.

போன மாசம் அவளே என் கவுண்டருக்கு வந்தா சார். விலாசம் மாத்த வந்திருந்தா. நம்பரைப் பார்த்ததும் தலையை நிமிர்த்தி ஆளைப் பார்த்தேன். ஒல்லியான பொண்ணு. அறுந்த செருப்பு வாரை ஊக்கு போட்டு நிறுத்தியிருந்தா. இடது கையில ரெண்டு விரல் மடங்கலை. விலாசத் தாளோட மஞ்சள் படிவத்தையும் நீட்டினா.

"அக்கா, இது வெளியில போகாதில்ல? அவருக்குத் தெரிஞ்சா என்னை உயிரோட விடமாட்டார்."

"எங்கிட்ட கொடுத்துட்ட இல்ல, நிம்மதியாப் போம்மா."

"கடிதம் எப்ப வரும்க்கா? அது கையில கிடைச்சப்புறம்தான் ஒரு இடத்துக்குப் போகணும். அதுவரைக்கும் வெளியில தலைகாட்டப் பயமா இருக்கு."

"ஒரு வாரத்துல வந்துடும்"னு சொன்னேன். எந்த இடத்துக்குன்னு கேட்கலை. அக்கான்னு கூப்பிட்டா பாருங்க, அதுதான் எனக்கு எரிச்சலா இருந்தது.

அவ படி இறங்கறதுக்குள்ள புது விலாசத்தைப் பதிவுல ஏத்திட்டேன். மஞ்சள் படிவத்தை என் இழுப்பறையில வெச்சுப் பூட்டினேன். அப்புறம் அவ புருஷனுக்குப் போன் பண்ணினேன். விலாசத்தைச் சொல்லலை. போன்ல விவரம் சொல்றது எங்க விதிப்படி தப்பு. "உங்க வீட்டு வண்டியோட பதிவுல மாற்றம் வந்திருக்கு சார். பொது விவரம்தான், யார் வேணும்னாலும் வாங்கிக்கலாம், மூணாவது கவுண்டர்"னு மட்டும் சொன்னேன்.

மறுநாள் கதவு திறக்கறதுக்கு முன்னாடியே வந்து நின்னார், வரிசையில முதல் ஆள். கட்டணம் கட்டினார். தாள்ல தேதி சீல் குத்திக் கொடுத்தேன். "பெரிய உபகாரம்மா"ன்னு சொன்னார். அன்னிக்கு மத்தியானமே அவளைக் கொன்னுட்டார்னு மறுநாள் பேப்பர்ல பார்த்தேன். ரொம்ப நாளைக்கப்புறம் வயிறு நிறையச் சாப்பிட்டேன் சார். மறைச்சுப் பேச எனக்குத் தெரியாது. அவ சாகணும்னுதான் செஞ்சேன்.

இழுப்பறையிலேர்ந்து எடுத்த படிவத்தை இப்போ நீங்க வாசிச்சுக் காட்டினீங்க. காரணம்ங்கற கட்டத்துல அவ எழுதியிருக்கறது இதுதான். 'இந்த வண்டியால என் கணவர் சைக்கிள்ல வந்த ஒரு பொண்ணை இடிச்சுட்டு நிறுத்தாம வந்துட்டார். பக்கத்துல உட்கார்ந்திருந்த நான் நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். வெளியில சொன்னா இப்படித்தான்னு என் விரலை உடைச்சார். நான் போலீஸ்ல சொல்லப்போறேன். அதுக்கு முன்னாடி என் விலாசத்தை மறைச்சுக் கொடுங்க.' இருந்த ஒரே சாட்சியும் போயிட்டாம்மா, இனிமே உங்க பொண்ணு கேஸ்ல அவன் மேல கை வைக்க முடியாதுன்னு சொன்னீங்க. "கூட்டத்துல படிக்காமயே உள்ள போட்டிருப்பீங்க, இல்ல?"ன்னு நீங்களே எனக்கு ஒரு வழியும் எடுத்துக் கொடுத்தீங்க.

உங்களுக்கு நல்ல மனசு சார். ஆனா படிக்காம ஒரு தாளையும் உள்ள வைக்கற பழக்கம் எனக்குக் கிடையாது. போன் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு தடவை படிச்சேன். மாட்டிக்கப் போறோம்னு தெரிஞ்சா எல்லாரும் அடுத்தவங்க தலையிலதான் போடுவாங்கன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். எட்டு மாசம் ஒரே பேரைச் சபிச்சு ஊறின வாய் இது. இன்னொரு பேரை முதல்லேர்ந்து வெறுக்க எனக்குத் தெம்பு இல்லை. தாளை வாங்க அவர் கையை நீட்டினப்போ, ஸ்டியரிங்கைப் பிடிச்ச கை இதுவா இருக்குமோன்னு ஒரு நிமிஷம் பார்த்தேன். அப்புறம் கொடுத்துட்டேன்.

உரிமையாளர்ங்கற இடத்துல அவ பேர்தான் சார் இருந்தது. பதிவை நம்பித்தான் செஞ்சேன்னு எழுதிக்கோங்க.