யாரு என்று கேட்டால் சத்தம் கூடுகிறது

ஜூடித்: இல்ல டிரேவர், நான் ரிமோட்டத் தொடவே இல்ல. தானா மாறுது.

டிரேவர்: தானா எதுவும் மாறாது ஆன்ட்டி. ரிமோட் மேல உக்காந்துட்டீங்களோ?

ஜூடித்: கண்ணுதான் தெரியாது எனக்கு. எது மேல உக்கார்றேன்னு தெரியும்.

டிரேவர்: கோச்சுக்காதீங்க. பழைய கேபிள் நின்னதும் சர்ச்சுல பேர் குடுத்த எல்லா வீட்லயும் நான்தான் டிஜிட்டல் பாக்ஸ் மாட்டினேன். ஒருத்தரும் இப்படிச் சொல்லல. அதுவும் இது பட்டன அழுத்தினா வாயால சொல்ற பாக்ஸ். உங்களுக்குன்னே...

ஜூடித்: அந்த வாய்தான் என் உயிர எடுக்குது! நான் கிச்சன்ல நிக்கறேன். ஹால்ல அந்தப் பொம்பளக் குரல், வால்யூம் இருபதுங்குது. யாரோ சோபால உக்காந்து அழுத்தறாங்கப்பா.

டிரேவர்: கதவு?

ஜூடித்: தாப்பா போட்டுத்தான் இருக்கு. அதான் பயமே. உள்ளயே இருக்கான்.

டிரேவர்: ரயானுக்குச் சொன்னீங்களா?

ஜூடித்: எம்மவன்கிட்ட மூச்சு விடாத! அம்மா தனியா பயப்படறான்னு தெரிஞ்சா, மறுநாளே சென்னைக்குக் கூட்டிட்டுப் போய் ஹோம்ல விட்டுருவான். இந்த வீட்ல ஒவ்வொரு மூலையும் என் கைக்குத் தெரியும். அங்க போனாத்தான் நான் குருடி.

டிரேவர்: சொல்லல, சொல்லல. ரிமோட்டக் குடுங்க. இதோ, பேட்டரியக் கழட்டிட்டேன். இனிமே எப்படி...

பாக்ஸ்: வால்யூம் இருபத்தொண்ணு.

டிரேவர்: ஏசுவே!

ஜூடித்: கேட்டுச்சா? இன்னும் கேளு... யாருடா நீ?

பாக்ஸ்: வால்யூம் இருபத்திரண்டு.

ஜூடித்: பதில் சொல்லுது டிரேவர். யாருன்னு கேட்டா சத்தம் கூடுது.

டிரேவர்: இருங்க, இருங்க. யோசிப்போம். ரிமோட்டுங்கறது ஒரு டார்ச் லைட்டுதான் ஆன்ட்டி. யார் கண்ணுக்கும் தெரியாத வெளிச்சம். ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு மாதிரி மின்னும். பாக்ஸோட நெத்தியில ஒரு குட்டிக் கண்ணு, அது பாத்துப் புரிஞ்சுக்கும். அந்தக் கண்ண உள்ளங்கையால பொத்திட்டேன். இப்பக் கேளுங்க.

ஜூடித்: யாரு?... யாருப்பா அது?... சத்தமே காணோம்.

டிரேவர்: பாத்தீங்களா! பேயா இருந்தா கைக்கு அடங்குமா? எங்கிருந்தோ வெளிச்சம் வருது. போன் கேமராவுல அது தெரியும், இங்க பாருங்க... சாரி ஆன்ட்டி.

ஜூடித்: பரவால்ல, நீ பாத்துச் சொல்லு.

டிரேவர்: சோபால யாரும் இல்ல. கதவுகிட்ட இல்ல. பாக்ஸ் ஜன்னலப் பாத்து இருக்கு, அப்ப ஜன்னல்... ஆன்ட்டி! எதிர் வீட்டு ஜன்னலுக்குள்ள ஊதாவா மின்னுது!

ஜூடித்: சந்திரம்மா வீடா? அங்க யாருமே இல்லியே. அவ வேலைக்குப் போயிட்டா. வாதம் வந்த புருஷனக் கோலார்ல அண்ணன் வீட்ல விட்டுருக்கா.

டிரேவர்: அவங்க வீட்டுக்காரர் கிருஷ்ணப்பா இங்க இருந்தப்ப அவருக்கும் இதே பாக்ஸ்தான் மாட்டினேன். ஒரே மாடல், ஒரே வெளிச்சம். இந்த ஜீவனஹள்ளி சந்துல கை நீட்டினா எதிர் வீடு, தாராளமா எட்டும். ஆனா வாசல்ல பூட்டுல்ல தொங்குது...

ஜூடித்: திருடனா?

டிரேவர்: திருடன் எதுக்கு நீங்க கேட்டதுக்குப் பதில் சொல்றான்? தோ, அக்காவே வராங்க. சந்திரம்மாக்கா! கதவத் தொறக்காதீங்க! உள்ள யாரோ இருக்கான்!

சந்திரம்மா: யாரும் இல்ல சார். நீங்க ஜன்னல மூடிக்கங்க.

டிரேவர்: நான் கண்ணால பாத்தேன்க்கா. போலீசக் கூப்பிடறேன்.

சந்திரம்மா: பேடா சார்! போலீஸ் வேணாம்!

ஜூடித்: சந்திரம்மா... உள்ள யாரு?

சந்திரம்மா: ...அவருதான்.

ஜூடித்: கோலார்ல இல்லியா?

சந்திரம்மா: போன வேகத்துல திருப்பி அனுப்பிட்டாங்க ஜூடித்தம்மா. நான் வேலைக்குப் போலன்னா அடுப்பு எரியாது. கட்டின புருஷனப் பூட்டி வெக்கிறான்னு தெருவே பேசுமே... அதான் யார்கிட்டயும் சொல்லல.

டிரேவர்: முதல்ல கதவத் தொறங்கக்கா.

சந்திரம்மா: அய்யோ... தண்ணி பாட்டில் உருண்டு கட்டிலுக்கடியில கெடக்கு. உதடெல்லாம் காஞ்சு போச்சே. கூப்பிட வாய்ப்பேச்சும் வராது, ஒரு கைதான் அசையும்... சார், டிவி ஆஃப்ல இருக்கு! ரிமோட்ட ஜன்னலுக்கு நீட்டிட்டுப் படுத்திருக்காரு!

டிரேவர்: ஆன்ட்டி... அவரு டிவி பாக்கல. உங்களக் கூப்பிட்டிருக்காரு. நீங்க யாருன்னு கேட்டது அவருக்குக் கேட்டுருக்கு.

ஜூடித்: நான்... நான் அவர என்னென்ன திட்டினேன் தெரியுமா டிரேவர்!

சந்திரம்மா: ரிமோட்டப் பிடுங்கி மேல வெச்சிடறேன்மா. இனிமே உங்களப் பயமுறுத்த மாட்டாரு.

டிரேவர்: அதுவும் வேணாம்க்கா. ஆன்ட்டி பாக்ஸ் கண்ணுல கருப்பு டேப் ஒட்டி, அவங்க ரிமோட்ட வெளிச்சமே தேவையில்லாத ப்ளூடூத்துக்கு மாத்திட்டாப் போதும். என்ன ஆன்ட்டி?

ஜூடித்: டேப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம். ரிமோட் அவர் கையிலயே இருக்கட்டும் சந்திரம்மா. உன் ஜன்னலயும் மூடாத, நானும் மூட மாட்டேன். சாவி ஒண்ண எங்கிட்ட குடுத்துட்டு வேலைக்குப் போ. அவரு அழுத்தினா என் பாக்ஸ் பேசும், நான் சந்தத் தாண்டி வந்து கதவத் தொறக்கறேன்.