குட்டிக் கயிறு

எங்கள் படகு மீனுக்காக வாங்கியது அல்ல. டெஸ்ஸாவுக்கு எட்டு வயதானபோது, அவளைத் தண்ணீரில் சறுக்குப் பலகையில் நிற்க வைத்து இழுத்துக்கொண்டு ஓடுவதற்காக வாங்கினோம். பெரிய எஞ்சின். ஓடு என்றால் ஓடும், மெதுவாகப் போ என்றால் அதற்குப் புரியாது.

நீங்கள் கடல் பக்கத்து ஆள் இல்லை என்று பேச்சிலேயே தெரிகிறது, சார்ஜென்ட். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். சால்மன் பிடிக்க வேண்டுமென்றால் தூண்டிலைப் பின்னால் விட்டு, ஒரு ஆள் சாவகாசமாக நடக்கிற வேகத்தில் இழுத்துக்கொண்டே போக வேண்டும். அதைவிடக் கூடினால் இரை தாறுமாறாகச் சுற்றும், மீன் சீந்தாது. எங்கள் எஞ்சினை எவ்வளவு அடக்கினாலும் ஓட்டமும் நடையுமாகத்தான் போகும். அதற்காக என் மனைவி லோரெய்ன் பழைய கூடாரத் துணியில், வாளி மாதிரி இரண்டு பைகள் தைத்தாள். படகின் இரண்டு பக்கமும் தடித்த கயிற்றில் கட்டி விட்டால், அவை வாய் நிறையத் தண்ணீரை வாங்கிக்கொண்டு படகைப் பின்னுக்குப் பிடிக்கும். ஒவ்வொரு பையின் அடியிலும் ஒரு மெல்லிய கயிறு உண்டு. அதை இழுத்தால் பை கவிழ்ந்து தண்ணீரைக் கக்கிவிடும், படகு விடுபட்டு முன்னே போகும். அதைக் குட்டிக் கயிறு என்போம்.

நான் சுக்கானைப் பிடிப்பேன், குட்டிக் கயிறுகள் டெஸ்ஸாவின் வேலை. "ரெண்டையும் சேர்த்து இழுடி, ஒண்ணை மட்டும் இழுத்தா படகு கோணிக்கும்" என்று லோரெய்ன் அவளுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பாள். துறையில் பக்கத்துப் படகுக்காரன் ரஸ் எங்களைப் பார்த்தால் விட மாட்டான். "வந்துட்டாருய்யா டென்னிஸ், படகுக்கு டவுசர் மாட்டிக்கிட்டு" என்பான். லோரெய்ன் இறந்துபோன பிறகும் டெஸ்ஸாவும் நானும் ஒரு கோடைகூட விட்டதில்லை. அந்தப் பைகளோடு போக இரண்டு பேர் வேண்டும். நாங்கள் இரண்டு பேர் இருந்தோம்.

கோல்பி நல்ல பையன். மருமகன் என்று அவன்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, இதை எழுதிக்கொள்ளுங்கள். அவனுக்கு ரெஜைனாவில் வேலை கிடைத்தது, செப்டம்பரில் டெஸ்ஸாவைக் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தான். கல்யாணம் ஆனவர்கள் போகத்தான் செய்வார்கள். அங்கே கடல் இல்லையே என்று ஒரு தடவை சொன்னேன், அதோடு சரி.

அன்று டெஸ்ஸாவுக்குச் சாமான் கட்டும் வேலை இருந்தது. தனக்குப் பதில் அவனை அனுப்பினாள். குவாட்ரா தீவுக்கு இந்தப் பக்கம் பைகளைப் போட்டுவிட்டு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தோம். அவன் கரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"என்ன மாமா, இறங்கி நடந்தாக்கூட நான் முந்திருவேன் போலயே."

"நடந்து பாரேன்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

பிறகு சொன்னான். "டெஸ்ஸா இப்ப சொல்லக் கூடாதுன்னா, ஆனா எனக்கு வாய் நிக்காது. உங்களுக்கு ஒரு சின்ன எஞ்சின் வாங்கி வச்சிருக்கோம் மாமா. பெரிய எஞ்சின் பக்கத்துல மாட்டிக்கிட்டா தானா மெதுவாப் போகும். இந்த டவுசரை எல்லாம் தூக்கிப் பரண்ல போட்டுரலாம். இனிமே நீங்க ஒரு ஆளே போதும்."

அக்கறையான பரிசுதான். நன்றி சொன்னேன். நெஞ்சு கனத்தது என்பதை மறைக்கவில்லை. யார் கொடுத்தாலும் சில பரிசுகள் அப்படித்தான்.

கொஞ்ச நேரத்தில் இடது பையின் கயிறு முறுக்கிக்கொண்டது. சரிசெய்யக் குனிந்தவன் தவறி விழுந்துவிட்டான். வெயில் என்று மிதவைச் சட்டையைக் கழற்றி வைத்திருந்தான். நான் தள்ளவில்லை. தள்ளியிருந்தால் தள்ளினேன் என்று சொல்லப் போகிறேன், இதில் என்ன இருக்கிறது. அந்த நேரம் பார்த்து ஒரு தூண்டில் கம்பு வளைந்தது. நல்ல பெரிய மீன்.

அவன் எப்படியோ எட்டி இடது பையைப் பிடித்துக்கொண்டான். எங்கள் பக்கத்துத் தண்ணீர் ஆகஸ்டிலும் கையை விறைக்க வைக்கும். "மாமா, எஞ்சினை நிறுத்துங்க" என்றான். நிறுத்தினால் தூண்டில் நரம்பு தொய்ந்துவிடும், மீன் போய்விடும். அவன் பிடித்துத் தொங்கியதில் படகு ஏற்கெனவே ஒரு பக்கமாக இழுத்தது. "மாமா, கை மரத்துப் போச்சு" என்று இன்னொரு தடவை சொன்னான். குரல் இறங்கியிருந்தது.

நான் இடது பையின் குட்டிக் கயிற்றை இழுத்தேன். பை கவிழ்ந்து அவன் கையிலிருந்து நழுவியது.

வேகத்தை நான் கூட்டவே இல்லை, சார்ஜென்ட். எஞ்சின் பிடியைத் தொடக்கூட இல்லை. வலது பை தண்ணீரில்தான் இருந்தது. முந்திவிடுவேன் என்று அவனே சொன்ன வேகத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். பின்னால் சிறிது நேரம் கூப்பிட்டுக்கொண்டே வந்தான். எனக்கு மீனைப் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு கையில் கம்பு, ஒரு கையில் வலை, அப்படி நான் அதுவரை செய்ததில்லை. மீன் பெட்டிக்குள் வந்த பிறகுதான் வயர்லெஸ்ஸில் ஆள் விழுந்ததைச் சொன்னேன்.

முதலில் வந்தது ரஸ்ஸின் படகு. செய்தி கேட்டுத் துறையிலிருந்து டெஸ்ஸாவும் அதில் ஏறி வந்திருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. படகின் இரண்டு பக்கத்தையும் பார்த்தாள்.

"அப்பா, இடது பை கவுந்து கெடக்கு. வலது பை இன்னும் விரிஞ்சே இருக்கே."

அவள் எங்கள் படகுக்குள் தாவி வந்து மீன் பெட்டியைத் திறந்தாள். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதை யாருப்பா வலையில அள்ளினது?"

"நான்தான்மா. ஒரே ஆளா." கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை.

மீனுக்காகவா என்று நீங்கள் மூன்றாம் தடவையாகக் கேட்கிறீர்கள். மீன் ஒரு சாக்கு. அதை அன்று சாயங்காலமே ரஸ்ஸிடம் கொடுத்துவிட்டேன், வாயில் வைக்கப் பிடிக்கவில்லை. அந்தக் கயிற்றை இழுத்தால் அவன் கை விட்டுப் போகும், அவன் திரும்ப மாட்டான் என்று தெரிந்துதான் இழுத்தேன். அது இரண்டு பேர் போகிற படகு. மூன்றாவது ஆளுக்கு அதில் வேலை இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும், இங்கேயா. டெஸ்ஸா வெளியே பயணப் பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறாள் என்கிறீர்கள். எனக்கு மாற்றுத் துணி கொண்டுவந்திருப்பாள். அவளைப் போகச் சொல்லிவிடாதீர்கள், இது முடிந்ததும் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே வீட்டுக்குப் போய்க்கொள்கிறோம்.