பகுப்பு: சிறுகதை

டீக்கு நன்றி, அய்யா. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல்.

திரட்டி என்றால் என்ன என்று உங்கள் ஏட்டு கேட்டார். அதிலிருந்தே தொடங்குகிறேன். ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர்ப் பக்கம் வலைப்பதிவு எழுதுகிறவர்கள் இன்னும் கொஞ்சம் பேர் இருக்கிறோம். அவரவர் தளத்தில் எழுதுவதை, தலைப்பும் நாலு வரியுமாக ஒரே பக்கத்தில் சேர்த்துக் காட்டுவதுதான் திரட்டி. எங்களுடையதன் பெயர் 'பாலாற்றலை'. நிர்வாகி நான், சம்பத். பகலில் ஒரு ஷூ கம்பெனியில் டிஸ்பேட்ச் பார்க்கிறேன். ஆற்றில் தண்ணீரையே காணோம், அலை எங்கிருந்து வந்தது என்று ஒருவர் பின்னூட்டம் போட்டார். பொருளுக்குப் புறம்பானது என்று நீக்கிவிட்டேன்.

மற்ற திரட்டிகள் எப்படிச் செத்தன என்று கூடவே இருந்து பார்த்தவன் நான். ஒருவர் தெருவிளக்கு எரியவில்லை என்று எழுதுவார். அடுத்தவர் சாக்கடை என்பார். அப்புறம் கட்சி, சாதி. நல்லவர்கள் நைசாக நழுவிவிடுவார்கள். அதனால் கதை, கவிதை, சமையல், பயணம் என்று நாலு பகுப்பு மட்டும் வைத்தேன். புகார் என்று ஒரு பகுப்பு கிடையாது. வாரம் தவறாமல் ஏலகிரிப் பயணக் கட்டுரை ஒன்று வரும். எல்லோரும் அதே படகில் ஏறி, அதே வாத்தைப் படம் பிடித்திருப்பார்கள். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பொருளுக்குள் இருக்கிறது.

பூர்ணிமா எங்களுக்குச் சமையல் எழுதுகிறவர். அவருடைய தால்ச்சா பதிவை இன்னும் தேடி வருகிறார்கள். கணவர் மதியழகனுக்குத் தோல் பதனிடும் ஒரு டேனரியில் பராமரிப்பு வேலை. ஒரு வெள்ளிக்கிழமை பூர்ணிமா சமையலை விட்டுவிட்டு 'தொட்டி' என்று ஒரு பதிவு எழுதினார். டேனரியின் கழிவுநீர்த் தொட்டியில் விஷவாயு சேர்கிறது, அதை இழுத்து வெளியேற்றும் மோட்டார் பழுது, சூப்பர்வைசர் அதை மேலே சொல்லாமல் மறைக்கிறார், திங்கட்கிழமை மதியழகனை அதற்குள் இறக்கப்போகிறார்கள், மாட்டேன் என்றால் வேலை போய்விடும். நடுவில் இப்படி ஒரு வரி: 'நாற்றம் அடிக்கும்வரை பயமில்லை, நாற்றம் நின்றுபோனால்தான் பயம், மூக்கு செத்துவிட்டது என்று அர்த்தம்.'

விதிப்படி நான் அதை நீக்கியிருக்க வேண்டும். ஆனால் அந்த வரியை விட மனசு வரவில்லை. அடிப்படையில் நான் ஒரு ரசிகன். பகுப்பைச் 'சிறுகதை' என்று மாற்றி முகப்பில் வைத்தேன்.

நல்ல வரவேற்பு. 'மூக்கு செத்துவிட்டது, என்ன ஒரு படிமம்' என்று ஜோசுவா எழுதினார். வேலூரில் பேராசிரியர், லேசில் பாராட்டமாட்டார். எங்கள் கவிஞர் அக்தரி பேகம், மதியழகன் பாத்திரத்தை இன்னும் ஆழத்தில் இறக்கியிருக்கலாம் என்றார். 'இது கதை இல்லை' என்று பூர்ணிமா கீழேயே பதில் போட்டார். கதாசிரியரே குறுக்கிட்டு மறுப்பது புதிய உத்தி என்று அதற்கும் பாராட்டு.

அப்புறம் போன் செய்தார்.

"இன்னாண்ணா, கதைன்னு போட்டுட்டீங்க? மேனேஜர் தௌசீப் பாய் தெனம் காலைல உங்க பக்கத்ததான் பாக்கறாரு. அவர் கண்ணுல படணும்னுதாண்ணா அதுல எழுதுனேன். நேர்ல போனா கேட்டாண்டயே நிறுத்திடறாங்க."

"நெசம் மாதிரி இருக்கறதுதாம்மா நல்ல கதை."

"அந்தக் கதைன்றத மட்டும் எடுத்துடுங்கண்ணா. எங்க வூட்டுக்காரரு திங்கக்கிழமை எறங்கறாரு."

"அத எடுத்தா பதிவையே எடுக்கணும்மா. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்."

அவர் அழுதார். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அன்று சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தௌசீப் அகமதே கூப்பிட்டார். தங்கமான மனிதர். "சம்பத் சார், அந்தத் தொட்டிக் கதை படிச்சதுலேர்ந்து பேஜாரா இருக்குது. நம்ம டேனரி மாதிரியே இருக்குதே. நெசமா? நெசம்னா சொல்லுங்க, நாளைக்கி யாரையும் எறக்க வேணாம்னு இப்பவே நிறுத்திடறேன்."

கொஞ்சம் யோசித்தேன். ஆமாம் என்று சொன்னால் ஒரு புகார் தீரும். பாலாற்றலையில் எழுதினால் புகார் தீர்கிறது என்று ஊருக்குத் தெரிந்தால் மறுநாளே வாலாஜாபேட்டையிலிருந்து ரேஷன் அரிசியும் ஆற்காட்டிலிருந்து பட்டாவும் வந்து குவியும். கதையும் கவிதையும் எங்கே போவது? இத்தனை வருடம் களையெடுத்து வளர்த்த இடம் அது, அய்யா.

"கதைதாங்க பாய்" என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று சிரித்தார். "நல்லா எழுதறாங்க, சார். இன்னும் எழுதச் சொல்லுங்க."

திங்கட்கிழமை மதியழகன் இறங்கினார். நாற்றம் நின்றிருக்க வேண்டும்.

காரியம் முடிந்தபின் பூர்ணிமா மறுபடியும் 'தொட்டி' என்றே தலைப்பிட்டு ஒரு வரி எழுதினார்: 'அவர் செத்துட்டார்.' ஒரே தலைப்பில் வருவதைத் தொடர்கதையாகக் கோத்துவிடும்படி திரட்டியை அமைத்திருக்கிறேன். அது தானாகவே 'பாகம் இரண்டு' என்று போட்டுக்கொண்டது. நான் தடுக்கவில்லை. முடிவை முன்பே ஊகித்துவிட்டேன் என்று ஒரு வாசகர் எழுதினார். அந்தப் பின்னூட்டத்தை உடனே நீக்கினேன். எழுதுகிறவர் மனம் புண்படும்படி பேச எங்கள் இடத்தில் அனுமதி இல்லை.

தெரிந்தே சொன்னாயா என்று கேட்கிறீர்கள். தெரிந்தேதான் சொன்னேன். பூர்ணிமா பொய் எழுதமாட்டார். அவர் சொல்லும் அளவில் போட்டால் உப்புகூடச் சரியாக இருக்கும். பாய் கேட்டபோது என்னுடைய ஒரு வார்த்தையில் மதியழகன் பிழைத்திருப்பார் என்பதும் எனக்குத் தெரியும். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஈவிரக்கம் இல்லாதவன் என்று மட்டும் எழுதாதீர்கள், அய்யா. இந்த ஆண்டின் சிறந்த சிறுகதைக்கு எங்கள் திரட்டியில் வாக்கெடுப்பு நடக்கிறது. 'தொட்டி'க்கு விழுந்த முதல் வாக்கு என்னுடையது.