மூன்றாம் வளைவில் எரிகிற மஞ்சள் லைட்

மாலை ஆறே கால் மணி. பூண்டுலோயா டவுனைத் தாண்டி எங்கள் தோட்டத்து மேல் டிவிசனுக்கு ஏறுகிற பாதை. ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் பள்ளம். பனி இறங்கிவிட்டால் முன்னால் போகிறவனின் முதுகுகூடத் தெரியாது...

இது எனக்கு நடந்ததில்லை. என்னோடு தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிற வீரய்யாவின் தங்கச்சி தனுஷிகாவுக்கு நடந்தது. வீரய்யா சொன்னதைத்தான் சொல்கிறேன். கதவைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள்.

தனுஷிகாவின் புருசன் திலக்ஷன் வாடகைக்கு ஹயர் ஓடுகிறவன். பழைய வெள்ளைக் கார் ஒன்று. அவனுடைய முதல் பெண்சாதி சுதர்ஷினி குவைத்தில் வீட்டு வேலை செய்து வாங்கிக் கொடுத்தது. அவள் காய்ச்சலில் செத்ததும் அந்தக் காரில்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது மூன்றாம் வளைவில் மரம் விழுந்து பாதை அடைத்துக் கிடந்தது. இஞ்சினை நிறுத்தாமல் காத்திருந்தான். மரத்தை வெட்டி எடுத்தபோது அவள் இல்லை.

இரண்டாம் தாரமாக வருகிறவள், தாலி ஏறுவதற்கு முன்னால் செத்தவளுக்குச் சேலை வைத்துப் படைத்து, "அக்கா, ஒத்துக்க" என்று கும்பிட வேண்டும். எங்கள் ஆட்களின் வழக்கம். தனுஷிகா கும்பிடவில்லை.

"செத்தவகிட்டப் போயி எதுக்கு நான் புருசன இரவல் கேக்கணும்?"

படையலுக்கு வாங்கிய பச்சைச் சேலையைத் தானே கட்டிக்கொண்டு மணவறையில் உட்கார்ந்தாள்.

ராக்காயி, இன்னும் ஒன்றுமே நடக்கவில்லை. அதற்குள் ஏன் கையெடுத்துக் கும்பிடுகிறாய்?

அடுத்த வாரம் காரின் மீட்டர் பலகையில் மஞ்சள் லைட் எரிந்தது. இஞ்சின் படம் போட்ட லைட்.

டவுனில் கராஜ் வைத்திருக்கிற இக்ராம் நானா முதலில் சிரித்தார். "பெட்ரோல் மூடிய ஒழுங்கா மூடாட்டியும் இது எரியும் தம்பி. புதுப் பொண்டாட்டி நெனப்புல மறந்துட்டீங்க போல!"

மூடியை மாற்றி, லைட்டை அணைத்துக் கொடுத்தார். மறுநாள் எரிந்தது. பிளக் மாற்றினார். எரிந்தது. காயில் மாற்றினார்... காலையில் இறங்கும்போது ஒன்றுமில்லை. மாலையில் வீடு திரும்பும்போது, மூன்றாம் வளைவில், 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். காய்ச்சல்காரர் நெற்றியில் பூசுகிற தைல வாசனை. பிறகு அந்த லைட்.

நான்காம் தரம் தனுஷிகாவும் கராஜுக்குப் போயிருந்தாள். இக்ராம் நானா ஸ்கேனரைச் செருகி வெகுநேரம் பார்த்தார். லைட் எரிந்த நொடியில் வண்டி என்ன வேகத்தில் போனது என்பதும் அதில் பதிவாகியிருக்குமாம்.

"தம்பி, வழியில எங்க நிப்பாட்டுறீங்க?"

"எங்கயும் இல்ல நானா. ரெண்டாம் கியர்ல ஏறிக்கிட்டிருப்பேன்."

"மெசின் அப்பிடிச் சொல்லல்லையே. நாலு தரமும் வேகம் சைபர். இஞ்சின் ஓடுது... வண்டி நிண்டு ஈக்கி."

தனுஷிகாவின் முகம் கறுத்துப்போனது.

அன்றைக்கு அவர்கள் சண்டையை லயத்து வீடுகள் எல்லாமே கேட்டன. "எவ வீட்டு வாசல்ல நிப்பாட்டுறீங்க? எவள ஏத்திக்கிட்டு வர்றீங்க?" திலக்ஷன் சாமி மேல் சத்தியம் பண்ணினான். எந்த இடத்தில் எரிகிறது என்று கேட்டாள். சொன்னான். சுதர்ஷினி செத்த அதே வளைவு.

"அப்ப அவதானா? செத்தும் ஒங்கள விடலையா? நாளைக்கு நானும் வர்றேன். யாரு பொண்டாட்டின்னு அவ பாக்கட்டும்."

சொன்னபடியே மறுநாள் டவுனில் காத்திருந்து முன்சீட்டில் ஏறினாள். பெல்ட்டைப் போட்டாள். கியர் போடுகிற அவன் கைமேல் தன் கையை வைத்துக்கொண்டாள்.

முதல் வளைவு. பனி. இரண்டாம் வளைவு... வைப்பர் தேய்கிற சத்தம் மட்டும். மூன்றாவதும் வந்தது. அவள் கண்ணை இமைக்கவில்லை. வண்டி நிற்கவில்லை. தைல வாசனை குப்பென்று அடித்தது. 'டிக்'.

லைட் எரியவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, அதற்குப் பிறகும் ஒருநாளும் எரியவில்லை என்கிறார் வீரய்யா.

"பாத்தீங்களா! என்னக் கண்டதும் ஓடிட்டா!" என்று தனுஷிகா கைதட்டிச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு காதிலேயே விழாததுபோல் திலக்ஷன் இடது பக்கம் திரும்பி, கட்டிய நாளிலிருந்து அவளிடம் ஒருமுறைகூடப் பேசாத மெதுவான குரலில் கேட்டான்.

"குளிருதா? கண்ணாடிய ஏத்தவா?"

அப்போதுதான் தனுஷிகா கவனித்தாள்... அவனுடைய பிடரியைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்திருந்தது பின்சீட்டில். எப்போது வந்தாள், எப்படி வந்தாள், தெரியாது.

முன்சீட்டில் யாரும் இல்லை. பெல்ட் மட்டும் பூட்டியபடி இருந்தது. தொங்கவில்லை, சீட்டில் ஒட்டவும் இல்லை. ஒரு சாண் இடைவெளி விட்டு வளைந்து நின்றது. மெல்ல எழும்பியது... தாழ்ந்தது... மறுபடி எழும்பியது. காய்ச்சல்காரர் மூச்சு விடுகிற மாதிரி.