மாடிக்குப் போன தண்ணீர்

எங்கேயாவது குழாய் சொட்டிக்கொண்டிருந்தால் என்னால் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது ஐயா. எழுந்துபோய் மூடிவிட்டுத்தான் மறுவேலை. மற்றபடி நான் யாரோடும் வம்புக்குப் போகிறவன் இல்லை.

என் வீட்டு மாடியில் ஒரு தையல்காரரும் மனைவியும் நாலு வயதுப் பெண்ணும் குடியிருந்தார்கள். வந்த முதல் மாதமே தண்ணீர் பில்லை அவரிடம் நீட்டினேன்.

"தண்ணி வீட்டோட சேர்ந்ததுதானே சார்? வாடகை பேசும்போது நீங்க தனியா எதுவும் சொல்லலையே."

"குளிக்கிறது, துவைக்கிறது எல்லாம் நீங்க. கட்டுறது மட்டும் நானா?"

ஏழு மாதம் இதே பேச்சு. படிக்கட்டில், வாசலில், ஒருமுறை அவர் கடையில் துணி தைக்கக் கொடுக்க வந்தவர்கள் முன்னால்கூட. நான் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை. அவர் பக்கமும் நியாயம் இருக்குமோ என்று எனக்கே சில சமயம் தோன்றியது. அதுதான் தாங்கமுடியாத எரிச்சல்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு கிணறு. சாக்கடை கசிகிறது, கை கழுவக்கூட ஆகாது என்று சுகாதார அலுவலகத்தார் மூடிவிட்டுப் போனது. பில் வராத தண்ணீர். அவர்கள் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த பகலில் மூடியைத் திறந்து மோட்டார் வைத்து, மாடிக் குழாயை அதோடு இணைத்தேன். கீழ்வீட்டுக் குழாயைத் தொடவில்லை.

இரண்டாம் நாள் தையல்காரர் மனைவி இறங்கி வந்தார்.

"தண்ணி ஒரு மாதிரி வாடையடிக்குதே சார். காய்ச்சிக் குடிக்கணுமா?"

"குழாய் புதுசும்மா, அப்படித்தான் இருக்கும். எதுக்கு கேஸை வீணாக்குறீங்க?"

நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரமே குழந்தைக்கு வாந்தி, பேதி. வண்டி பிடித்துக் கொடுத்து நானும் கூடவே போனேன். என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார்.

"சார் வீட்டுத் தண்ணிதாங்க. அவரும் அதைத்தான் குடிக்கிறாரு," என்றார் தையல்காரர்.

நான் தலையாட்டினேன். என்ன கிருமி என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. அதற்குள் குழந்தை போய்விட்டது.

தெரிந்துதான் செய்தேன் ஐயா. குழந்தையும் அதைத்தான் குடிக்கும் என்பதும் தெரியும். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

மாடி இப்போது காலி. அடுத்துக் குடிவருகிறவர்களிடம் தண்ணீர் யார் பொறுப்பு என்று முதலிலேயே எழுதி வாங்கிவிட வேண்டும். வாய்ப்பேச்சை நம்பியதால்தானே இவ்வளவும் வந்தது.