வடக்கு எந்தப் பக்கம் என்று இன்றுவரை தெரியாதவர்கள் வாசித்தளிக்கும் மடல்

வரலாற்றை வகுப்பறைக்கு வரவழைத்து வாய்திறக்க வைத்த வல்லவரே! பூமிப் பந்தைப் பூப்போல் ஏந்திப் புவியியல் புகட்டிய பெருந்தகையே! சிவப்பு மைக்குச் சிம்மாசனம் தந்த செம்மலே! முப்பத்து நான்கு ஆண்டுகள், ஒன்பதாம் வகுப்பு என்னும் ஓயாத கடலின் ஓரத்தில் ஒரு சாக்கட்டியோடு நின்ற ஒப்பற்றவரே! மாணவர் மொழியில் 'பூகோளம் டீச்சர்' என்றும், பெற்றோர் மொழியில் 'அந்த வீட்டுப்பாட டீச்சர்' என்றும் பேர்பெற்ற பேராசானே! இன்று மாலையோடு பணி நிறைவு பெறும் தங்கட்கு, தங்கள் தோளோடு தோள் நின்ற தோழர்களாகிய நாங்கள் குழப்பத்தோடும் கூப்பிய கரங்களோடும் வணக்கம் கூறுகிறோம்!

விழா அரைமணி நேரம் தாமதமாகத் தொடங்கியதை முதலில் பொறுத்தருள்க. அழைப்பிதழில் 'வடக்கு வாசல் வழியாக வருக' என்று அச்சிட்டுவிட்டோம். நம் பள்ளிக்கு எதிரெதிரே இரண்டு வாசல்கள். இரண்டிலும் 'வடக்கு வாசல்' என்றே எழுதியிருக்கிறது. ஒன்றை எழுதிய பெயின்டர் தங்களிடம் முற்காலத்தில் படித்தவர். மற்றதை எழுதியவர் பிற்காலத்தில் படித்தவர். மேடையில் வீற்றிருக்கும் மாண்பமை கல்வி அலுவலர் அவர்கள், பூட்டிய வடக்கு வாசலில் இருபது நிமிடம் நின்று, திறந்த வடக்கு வாசலுக்கு நடந்தே வந்து சேர்ந்தார்கள். அவர்கள் முகம் இன்னும் சற்றுச் சிவந்திருப்பதை நாங்கள் வெயிலின் கணக்கில் எழுதிக்கொண்டோம்.

அலுவலர் அவர்களின் தோல்பையில் தங்கள் பணிப்பதிவேடு இருக்கிறது. அதன் கடைசிப் பக்கத்தில் சேர்க்கவென்று ஒரு குறிப்பு தட்டச்சாகித் தயாராக இருக்கிறது. 'பத்தொன்பது ஆண்டுகள் மாணவர்க்குத் திசைகளைத் தலைகீழாகக் கற்பித்தார். காரணம்: கவனக்குறைவு.' ஐந்து மணிக்கு அலுவலர் கையொப்பமிட்டால், முப்பத்து நான்கு ஆண்டுப் புகழின் கடைசி வரி அதுவாகிவிடும். இப்போது மணி மூன்றே முக்கால். ஆகவே இம்மடலைக் கொஞ்சம் வேகமாகவே வாசிக்கிறோம்.

அருந்தமிழ் அடைமொழிக்குள் அடங்காதவை தாங்கள் தந்த வீட்டுப்பாடங்கள்! அடுத்தவர்கள் 'பக்கம் நாற்பதைப் பார்த்து எழுதுக' என்றபோது, தாங்கள் 'உன் வீட்டில் கடைசியாக நடந்த சண்டையின் காரணங்களையும் விளைவுகளையும் உடன்படிக்கையையும் எழுதுக' என்றீர்கள். ஊரே அன்று ஒரு வாரம் மெதுவாகப் பேசியது. ஒரு வீட்டில் அக்காள் மகள் நோட்டை நீட்ட, மாமா கண்ணாடியைத் தேடினாராம்.

"என்ன இது?"

"உடன்படிக்கை, மாமா. கீழ கையெழுத்துப் போடுங்க."

"நான் எதுக்குப் போடணும்? நான்தானே ஜெயிச்சேன்!"

"தோத்தவங்க அத்தை போட்டுட்டாங்க. ஜெயிச்சவங்களும் போடணும்னு டீச்சர் சொல்லியிருக்காங்க."

மாமா போட்டார். அந்த வீட்டில் அதன்பின் நான்கு ஆண்டுகள் சண்டையே இல்லை. சண்டை போட்டால் எழுதவேண்டி வருமே என்ற அச்சம். இதில் ஒரு சொல்லும் மிகையில்லை. மூன்று ஆண்டுகள் என்று சொல்வாரும் உளர்.

திசைப்பாடத்துக்கு வருவோம். ஒன்பதாம் வகுப்பின் முதல் நாளில் தாங்கள் கம்பீரமாக நின்று, "எல்லாரும் கரும்பலகையைப் பார்த்து நில்லுங்க. முகத்துக்கு நேர வடக்கு. வலது கை கிழக்கு" என்பீர்கள். முதல் பதினைந்து ஆண்டுகள் அது முற்றிலும் உண்மை. ஏனெனில் கரும்பலகை வடசுவரில் இருந்தது. பிந்திய பத்தொன்பது ஆண்டுகள் அது முற்றிலும் பொய்; ஏனெனில் கரும்பலகை தென்சுவரில் இருந்தது. வகுப்பறைக்கு இருபுறமும் வாயில். முன்பு ஆசிரியர் அறை கிழக்கே இருந்தது. தாங்கள் கிழக்கு வாயிலால் நுழைவீர்கள். பலகை வலக்கைப் பக்கம் இருக்கும். பிறகு ஆசிரியர் அறை மேற்கே மாறியது. தாங்கள் மேற்கு வாயிலால் நுழைந்தீர்கள். அப்போதும் பலகை வலக்கைப் பக்கம்! பெஞ்சுகளும் பலகையோடு திரும்பிக்கொண்டன. மாறாத ஒன்று மாறியதை எவர்தாம் கண்டுபிடிப்பார்?

திசைகாட்டிகள் கண்டுபிடித்தன. பன்னிரண்டு வாங்கினோம். ஒன்றுகூட வகுப்பறை வடக்கைக் காட்டவில்லை. ஆய்வக உதவியாளர் ஒவ்வொன்றுக்கும் 'பழுது' என்று சீட்டு ஒட்டி அலமாரியில் பூட்டினார். பன்னிரண்டும் ஒரே மாதிரி எப்படிப் பழுதாகும் என்று கேட்டதற்கு, "எல்லாம் ஒரே கம்பெனி சரக்கு சார்" என்றார். நியாயமாகத்தான் பட்டது.

ஆண்டுதோறும் தாங்கள் தரும் இன்னொரு வீட்டுப்பாடம், 'ஒரு வாரம் சூரியோதயத்தைக் கண்ணால் பார்த்து, எத்திசையில் என்று படம் வரைந்து எழுதுக' என்பது. பத்தொன்பது ஆண்டுகள் எல்லாப் பிள்ளைகளும் 'கிழக்கு' என்றே எழுதினார்கள். ஒருவரும் எழுந்து பார்க்கவில்லை என்பது இப்போது ஐயத்துக்கு இடமின்றித் தெரிகிறது. இந்த ஆண்டு தையற்காரம்மாவின் மகள், வகுப்பில் 'கேள்விக்குறி' என்று அழைக்கப்படும் பெண், எழுந்து பார்த்துவிட்டாள். 'எங்கள் ஊரில் சூரியன் மேற்கே உதிக்கிறது' என்று எழுதிப் படமும் வரைந்தாள். தாங்கள் சிவப்பு மையில், 'கவனித்தது சரி. திசை தவறு. மீண்டும் கவனி' என்று எழுதினீர்கள். அவள் மீண்டும் கவனித்தாள். மீண்டும் மேற்கு. ஐந்து திங்கட்கிழமைகள், ஐந்து மேற்குகள், ஐந்து சிவப்பு வரிகள்!

அந்த வீட்டில் மூண்ட குழப்பத்தைத் தையற்காரம்மாவே எங்களுக்குச் சொன்னார். அவர் தங்களின் முற்காலத்து மாணவி. உடன் வசிக்கும் கொழுந்தனார் பிற்காலத்து மாணவர்.

"அது கிழக்குடி. நான் பூகோளம் டீச்சர்கிட்டயே படிச்சவ."

"இல்ல அண்ணி, அது மேற்கு. நானும் அவங்ககிட்டதான் படிச்சேன்."

"சூரியன் மேற்குலயா தம்பி உதிக்கும்?"

"அதான் அண்ணி எனக்கும் ரொம்ப நாளா இடிக்குது. வெளிய கேட்டா சிரிப்பாங்கன்னு கேக்கல."

ஆறாம் வாரம் விடியற்காலையில் தாங்களே அந்த வீட்டு மொட்டைமாடிக்குப் போனீர்கள். கையில் 'பழுது' சீட்டோடு ஒரு திசைகாட்டி. சூரியன் வந்தது. முள் நின்றது. எதிரே நம் பள்ளிக்கூடத்தின் கூரை தெளிவாகத் தெரிந்தது. தாங்கள் முள்ளையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்தீர்கள்.

"டீச்சர், நான் பொய் எழுதல" என்றாள் பெண்.

"தெரியுதும்மா. நான் இத்தனை வருஷமா எந்தப் பக்கம் திரும்பி நின்னுட்டிருந்தேன்?"

தாய் நாற்காலி கொண்டுவந்து போட்டு, "உட்காருங்க டீச்சர்" என்றார்.

"எந்தப் பக்கம் பார்த்து உட்காரட்டும்?" என்று கேட்டீர்களாம்.

வேறொருவராயிருந்தால் வீட்டுக்குப் போய் விடுப்புக் கடிதம் எழுதியிருப்பார். தாங்களோ அன்று காலையே ஒன்பதாம் வகுப்பின் முன் நின்று, "நான் பத்தொன்பது வருஷமா தப்பாச் சொல்லிக் கொடுத்திருக்கேன்" என்றீர்கள். ஐந்து சிவப்பு வரிகளையும் அதே சிவப்பு மையால் அடித்து, அருகில் 'என் தவறு' என்று எழுதிக் கையொப்பமிட்டீர்கள். அதோடு விட்டீர்களா? வரலாற்றுப் பாடத்துக்கான ஒப்படைப்பாக, 'நம் வகுப்பின் வடக்கு எப்போது, எப்படி, யாரால் மாறியது? பள்ளியில் அனைவரையும் விசாரித்து எழுதுக' என்று கொடுத்தீர்கள். கல்வி அலுவலகத்துக்கும் தாங்களே கடிதம் எழுதினீர்கள்.

இதற்கிடையில் நம் தலைமை ஆசிரியர் குழப்பத்தை ஒரே நாளில் தீர்த்துவிட விரும்பினார். காலை வணக்கக் கூட்டத்தில், "எல்லாரும் வடக்கே திரும்பு!" என்று உடற்பயிற்சி ஆசிரியர் முழங்கினார். மாணவர்கள் தாங்கள் திருத்திச் சொன்ன பக்கம் சரியாகத் திரும்பினார்கள். நம் ஆசிரியர்களுள் தங்களிடம் படித்தவர் பதினொருவர். அறுவர் ஒரு பக்கமும் ஐவர் மறுபக்கமும் திரும்பினர். கணித ஆசிரியரும் அறிவியல் ஆசிரியையும் மூக்கோடு மூக்கு முட்ட நின்றார்கள்.

"கொஞ்சம் நகருங்க சார், வடக்கை மறைக்கிறீங்க."

"நீங்கதான் டீச்சர் என் வடக்கை மறைக்கிறீங்க."

முதல் மணி அடிக்கும்வரை இருவரும் நகரவில்லை. தலைமை ஆசிரியர் அன்று முதல் கூட்டத்தில் எவரையும் எப்பக்கமும் திரும்பச் சொல்வதில்லை.

அந்த ஒப்படைப்புக்காக வகுப்பின் நாற்பத்து நான்கு மாணவர்களும் நோட்டும் பேனாவுமாக எங்களைத் தேடி வந்தார்கள். "சார், போர்டு முன்னாடி எந்தச் சுவர்ல இருந்துச்சு?" என்று கேட்டார்கள். உடற்பயிற்சி ஆசிரியர், "போர்டுக்குக் காலா முளைச்சிருக்கு, நடந்து போக?" என்றார். ஓவிய ஆசிரியர், "நான் படம் வரையறவன்பா. சுவரைப் பத்தி என்னைக் கேட்டா?" என்றார். அலுவலக எழுத்தர், "அந்த ஃபைல் கிடைக்கல" என்றார். அப்படி ஒரு ஃபைல் எக்காலத்திலும் இருந்ததில்லை. ஆகவே நாற்பத்து நான்கு ஒப்படைப்புகளும் ஒரே முடிவுக்கு வந்தன: 'யாருக்கும் தெரியவில்லை. ஆகவே காரணம் எங்கள் ஆசிரியை.' தாங்கள் அவை அனைத்துக்கும் முழு மதிப்பெண் தந்தீர்கள். அலுவலர் கேட்டபோதும், காரணம் என்ற கட்டத்தில் 'கவனக்குறைவு' என்று தாங்களே எழுதிக்கொடுத்தீர்கள்.

மற்ற மடல்களில் இந்த இடத்தில் விடைபெறுபவரின் புன்சிரிப்பைப் புகழ்வது மரபு. எங்களுக்கு இன்று அதற்கு நாக்கு எழவில்லை. ஏனெனில், அம்மையீர், எங்களுக்குத் தெரியும்.

பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன், ஒரு கோடை விடுமுறையில் தாங்கள் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் போயிருந்தீர்கள். வடசுவரில் மழைநீர் கசிந்து பலகை ஊறிப்போய், சாக்கட்டி வழுக்கியது. ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் நாங்கள் நால்வர் அதைக் கழற்றி, எதிர்ச்சுவருக்குக் கொண்டுபோய் மாட்டினோம். கனம் அதிகம், நடுவில் இரண்டுமுறை இறக்கிவைத்தோம். அதே வாரம் ஆசிரியர் அறையும் இடம் மாறியது. 'டீச்சர் வந்ததும் சொல்லணும்' என்று ஒருவர் சொன்னார். 'வந்தா பார்க்க மாட்டாங்களா?' என்று மற்றவர் சொன்னார். தாங்கள் வந்தீர்கள், வலக்கைப் பக்கம் பலகை இருந்தது, பாடத்தைத் தொடங்கினீர்கள். அடுத்த வாரம் சொல்லலாம் என்றிருந்தோம். அந்த அடுத்த வாரம் இன்றுதான் வந்தது.

பிள்ளைகள் வந்து கேட்டபோது ஏன் சொல்லவில்லை? பயம்தான் என்று சொல்லிவிடலாம், அது பாதி. மீதிப் பாதி வெட்கம். பலகையை நகர்த்தியதைவிட, பத்தொன்பது ஆண்டுகள் தினமும் அதன் முன்னால் நடந்துபோயும் எங்களில் ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லையே, அந்த வெட்கம். பழைய சுவரிலேயே மாட்டிவிடலாம் என்று நேற்று கூடினோம். கூடியவர்களுள் பாதிப்பேர், பலகை இப்போதுதான் வடசுவரில் இருக்கிறது என்று உறுதியாகச் சொன்னதால் அதுவும் நின்றுபோயிற்று.

மாண்பமை அலுவலர் அவர்களே! குறிப்பு எழுதித்தான் ஆகவேண்டுமென்றால் எழுதுங்கள். கவனக்குறைவு நடந்தது உண்மை. ஆனால் அதை எழுதவேண்டியது இவர் பதிவேட்டில் அன்று, எங்கள் பதிவேடுகளில். அவையும் இதோ மேடையோரத்து மேசையில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. இவர் பதிவேட்டில் எழுத இடம் மிச்சமிருந்தால், தம் தவறு தெரிந்த அன்றே ஊரறியச் சொன்ன ஆசிரியை என்று எழுதுங்கள். இப்பள்ளியில் அப்படிச் சொன்னவர் இவர் ஒருவரே. எங்களுக்கு மூன்று மாதம் ஆயிற்று. அதற்கும் ஒலிபெருக்கி தேவைப்பட்டது.

பூவுலகின் பக்கங்களைப் புரட்டிக் காட்டிய புலமையே! இனித் தங்கள் காலைகள் மணியோசைக்கு அஞ்சாமல் மலர்க! திருத்த நோட்டுகள் இல்லாத ஞாயிறுகள் தித்திக்கட்டும்! கண்ணொளி குன்றாமல், கால்வலி அணுகாமல், கேட்ட கேள்விக்கெல்லாம் வீட்டார் உடனுக்குடன் விடை சொல்ல, நூறாண்டும் அதற்கு மேலும் நலமே வாழ்க! தாங்கள் எத்திசை சென்றாலும் அத்திசையை நாங்கள் வணங்குவோம்; அது எந்தத் திசை என்று மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.

இங்ஙனம்,

பலகையின் ஒரு முனையைத் தூக்கிய ஓவிய ஆசிரியர்

மறுமுனையைத் தூக்கிய உடற்பயிற்சி ஆசிரியர்

ஆணி அடித்த தச்சர்

தூக்காமல், 'கொஞ்சம் இடப்பக்கம், இன்னும் கொஞ்சம்' என்று சொல்லிக்கொண்டிருந்த அலுவலக எழுத்தர்

மற்றும், பிள்ளைகள் வந்து கேட்டபோது 'தெரியாது' என்று சொன்ன நாங்கள் அனைவரும்